உடம்புச் சூடு என்று ஊருக்குச் சொன்னோம்

மகனே,

நேற்று மாலை அலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. "அய்யா, பொண்ணுகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டாய். "எழுதுறேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா அருகில் இருந்தாள் என்பதும் உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணம் அன்று. மேடையில் எவ்வளவு கூரிய கேள்வி வந்தாலும் நின்ற இடத்திலேயே விடை எறிந்து பழகியவன் நான். அப்படி எறிந்த விடைகளில் பாதி, கேட்டவரை வீழ்த்தப் பயன்பட்டனவே தவிர, கேட்டவருக்குப் பயன்படவில்லை. அத்தகைய விடை உனக்கு வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உன் பெயரையோ அந்தப் பெண்ணின் பெயரையோ நம் ஊரின் பெயரையோ இதில் எழுதமாட்டேன். இம்மடல் வேறு யார் கைக்குப் போனாலும், தம் பிள்ளைக்கு எழுதியதாக அவர் எண்ணிப் படித்துக்கொள்ளட்டும்.

செய்தியை முதலில் நேராக எழுதிவிடுகிறேன். நாம் இருவரும் இதுவரை அதை ஒருமுறைகூட முழு வரியாகச் சொன்னதில்லை. கல்லீரலை அழிக்கும் பி வகைக் காமாலைக் கிருமி உன் குருதியில் இருக்கிறது. என் குருதியிலும் இருக்கிறது. வரும் தை மாதத்தில் உனக்குத் திருமணம் பேசி முடித்திருக்கிறோம். இராமநாதபுரத்தில் ஆசிரியையாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. அவளைக் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. அவளுக்கும் அந்த ஊசிக்கும் நடுவே நிற்பது உன்னுடைய வாய் ஒன்றுதான்.

நீ வளைகுடா வேலைக்குக் கிளம்பிய நாள்களை நினைத்துப் பார்க்கிறேன். தேர்வெல்லாம் முடிந்து, உடற்சோதனை ஒன்றுதான் மிச்சம் என்றாய். உன் அம்மா பெட்டிகூட வாங்கிவிட்டாள். சோதனைக்குப் போய் வந்த நீ, "விசா கெடைக்கல" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் கண்மாய்க் கரையில் என்னோடு நடந்து வந்தபோதுதான் வாய் திறந்தாய். "ஏஜெண்டு சொன்னான் அய்யா, மெடிக்கல்ல அடிச்சிருச்சாம். அன்ஃபிட்டாம், எடுக்கமாட்டாகளாம். ரத்தத்துல ஏதோ மஞ்சக்காமாலை கிருமியாம். எனக்குக் காமாலையே வந்ததில்லையே" என்றாய். நானும் அதையேதான் நினைத்தேன். கண் மஞ்சளாகாமல், சோறு வெறுக்காமல், ஒரு நாள்கூடப் படுக்காமல் ஒருவன் காமாலைக் கிருமியைப் பல்லாண்டு சுமக்க முடியும் என்பது எனக்கு அன்று தெரியாது. கிருமி வேறு, காமாலை வேறு. காமாலை கண்ணில் தெரியும், கிருமி தெரியாது.

வீட்டில் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் மதுரைக்குப் போனோம். உன் அம்மாவுக்கு இல்லை. எனக்கு இருந்தது, இருந்ததோடு நில்லாமல் வேலையையும் பெரும்பாலும் முடித்திருந்தது. என் கல்லீரல் வடுப்பட்டு இறுகிவிட்டது. மருத்துவர்கள் அதைச் சிரோசிஸ் என்கிறார்கள். ஓராண்டாகக் கால் வீங்கியதை, மேடையில் நெடுநேரம் நிற்பதால் வந்த வீக்கம் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எப்படி வந்தது, உனக்கு யாரால் வந்தது என்று நீ பல நாள் உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்தாய். மருத்துவரிடம் நானே கேட்டேன். அந்த அம்மையார், "வீட்டுல ஒரே பிளேடு, ஒரே சவரக்கத்தி பொழங்குவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். குலதெய்வக் கோயிலில் மாசிக் களரித் திருவிழா அன்று பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரே கத்தியால் முடியிறக்குவதைச் சொன்னேன். ஒரு தலையில் கீறல் விழுந்தால் சந்தனத்தை அப்பிவிட்டு அடுத்த தலைக்குக் கத்தி போகும். காது குத்துவதும் அப்படியே. "அப்படியும் வந்திருக்கலாம், வேற வழியிலயும் வந்திருக்கலாம். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு தேடாதீங்க அய்யா. கிருமிக்கு மேல்விலாசம் கெடையாது" என்றார். அதற்குப் பின் நான் தேடவில்லை. நீயும் தேடாதே.

அந்த வாரம் உன் அம்மா நம் இருவருக்கும் தனித் தட்டு, தனிக் குவளை எடுத்துவைத்தது உனக்கு நினைவிருக்கும். நீ அந்தத் தட்டிலேயே உண்டாய். அடுத்தமுறை மருத்துவரிடம் அவளே அதைப் பெருமையாகச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா, தட்டுல ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு இது என்ன பருக்கையா? சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க. ரத்தம் பட்டாத்தான் வரும், கணவன் மனைவி உறவுல வரும், பெத்த தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். வேற வராது. மொதல்ல நீங்க ஊசியப் போட்டுக்கங்க" என்றார். அன்று உன் அம்மாவுக்குப் போட்டார்களே, அதே ஊசியைப் பற்றித்தான் இப்போது பேசுகிறேன்.

உனக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், கல்லீரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குருதிச் சோதனை மட்டும் போதும் என்றார். எனக்கோ நாள்தோறும் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுதும். அது கிருமியைக் கொல்லாது, அடக்கிவைக்கும். அடங்கிவிட்டதே என்று நிறுத்தினால், அடக்கிவைத்தது மொத்தமும் எழுந்து அடிக்கும் என்று எச்சரித்தார். கீழாநெல்லியைப் பற்றி நான் எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நம் மூலிகை மீது எனக்கு இன்றும் மதிப்புண்டு. ஆனால் என் மாத்திரைக்கு ஈடாக அதை வைக்க எனக்கு உரிமையில்லை. அந்த மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை. நான் விட்டது வேறொன்றை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பிறகு வயிற்றில் நீர் கோத்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மருத்துவமனையில் கிடந்து, நீரை எடுத்துவிட்டு, நீர் பிரியும் மாத்திரையோடு வீடு திரும்பினேன். ஊர் கேட்டது, என்ன நோய் என்று. உன் மாமாதான் முதலில் வழி சொன்னார். உன் அம்மாவின் தம்பி. நம் மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் மீது எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. "மச்சான், கிருமி கிருமின்னு சொல்லிக்கிட்டு இருக்காதிக. பயலுக்கு நாளைக்குப் பொண்ணு கேக்கணும். ஒடம்புச் சூடுன்னு சொல்லிக்குவோம். மேடையில கத்துற மனுசனுக்குச் சூடு வராம என்ன செய்யும்? எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்" என்றார். எனக்கும் அது பொய் என்றே தோன்றவில்லை. சொல்லை வைத்துப் பிழைக்கிறவனுக்கு, ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லின் இடத்தில் வைப்பது எளிய வேலை. வீட்டில் நாம் மூவரும் ஊருக்குச் சூடு என்றே சொன்னோம்.

சூடு என்றால் நம் நாட்டில் என்ன கொண்டு வருவார்கள்? இளநீர் கொண்டு வந்தார்கள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஈருருளியில் இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். அக்காள்மடத்திலிருந்து என் பழைய மேடைத் தோழர், தம் தோப்பிலேயே வெட்டிய ஒரு முழுக் குலையைப் பேருந்தில் ஏற்றி, நடத்துநரோடு சண்டையிட்டு, பாம்பன் பாலம் தாண்டி நம் வீட்டு வாசலில் இறக்கினார். "அண்ணே, சூட்டுக்கு எளநிய விட்டா வேற மருந்து ஒலகத்துலயே கெடையாது. வாய வச்சுக் கவுத்துங்க, நான் இங்கனயே நின்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். வந்தவர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் சூட்டைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லையே! காலையில் இரண்டு, வெயிலில் இரண்டு, மாலையில் வருகிறவர் மனம் கோணாமல் இன்னொன்று என்று குடித்தேன். கால்கள் பஞ்சாயின. எழுந்து நிற்க முடியவில்லை. நெஞ்சு, பழுதான கடிகாரம் போல நின்று நின்று அடித்தது.

மதுரையில் நாடி பார்த்த உடனே படுக்கையில் போட்டு நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். மருத்துவர் வந்து உன் அம்மாவிடம் பேசியதை நான் கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.

"என்னம்மா குடுத்தீங்க? பொட்டாசியம் இந்த ஏத்தம் ஏறியிருக்கு. நான் குடுத்த நீர் மாத்திரையே அதை ஒடம்புல தேக்கி வைக்கும். மேல மேல ஊத்தினா இதயம் நின்னுரும்."

"நான் ஒண்ணும் குடுக்கல டாக்டர். உப்பில்லாமத்தான் ஆக்கிப் போடுறேன். வந்தவகதான் எளநி குடுத்தாக."

"எத்தன பேரு?"

"எல்லாரும்தான்."

"அவங்ககிட்ட என்ன வியாதின்னு சொன்னீங்க?"

உன் அம்மா குரலைத் தாழ்த்தி, "சூடுன்னு" என்றாள்.

மருத்துவர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டு, "அப்ப அவங்க மேல தப்பே இல்லம்மா. நீங்க சொன்ன நோய்க்குச் சரியான மருந்தத்தான் கொண்டாந்திருக்காங்க" என்றார்.

மகனே, நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடச் சிறந்த ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அன்பில் குறைவைத்தவர் ஒருவருமில்லை. அக்காள்மடத்துத் தோழருக்கு உண்மை தெரிந்திருந்தால், அந்தக் குலையை அவரே கடலில் வீசியிருப்பார். நாம் சொன்ன பொய்க்குத்தான் அவர் பாலம் தாண்டி மருந்து கொண்டு வந்தார்.

அதற்குப் பின்னாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. என் மருந்துகளில் இனிப்பான நீர்மம் ஒன்று உண்டு; உன் அம்மா சிரப்பு என்பாளே, அதுதான். இறுகிய கல்லீரல், குடலில் உண்டாகும் நஞ்சை வடிகட்டாமல் விட்டுவிடும். அது மூளைக்கு ஏறும். ஏறாமலிருக்க வேண்டுமானால் வயிறு நாள்தோறும் இரண்டு மூன்று முறை தாராளமாகக் கழிய வேண்டும். அதற்குத்தான் அந்த நீர்மம். வீட்டிலிருப்பவனுக்கு அதில் ஒரு துன்பமுமில்லை. எனக்கோ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், அதன்பின் மாலை போட்டு மேடை நடுவில் உட்காரவைத்துவிடுவார்கள், அதன்பின் ஒலிவாங்கியைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். தலைவர் வரவேற்கும்போது எழுந்து வெளிக்குப் போக முடியுமா? ஆகவே கூட்டம் இருக்கும் நாளில் நீர்மத்தைக் குடிக்காமல் விட்டேன். உன் அம்மா அளந்து வைத்ததை வாழை மரத்தடியில் ஊற்றினேன். தை மாதம் வந்தது. விழா மேல் விழா. ஒரு நாள் விட்டது ஒரு வாரமாயிற்று.

அந்த வாரக் கடைசியில் கடற்கரை ஊர் ஒன்றில் மது ஒழிப்புக் கூட்டம். நீ அங்கு இல்லை. பிறர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தொடக்கம் நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு "அவையோரே" என்றேனாம். மறுபடி "அவையோரே" என்றேனாம். மூன்றாம் முறையும் அதையே சொல்லிவிட்டு, தலைமை தாங்கியவரை, இறந்துபோன என் நண்பரின் பெயரால் அழைத்து, உட்காரச் சொல்லிக் கடிந்துகொண்டேனாம். கை, காற்றில் பறவைச் சிறகு போல அடித்துக்கொண்டதாம். நாக்கு தடித்துச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவாம். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஏலே, பெரியவரு இன்னைக்கு நல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்காருடா" என்றானாம். அவ்வளவுதான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மது ஒழிப்பு மேடையில் குடித்துவிட்டு உளறியவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, உன் மாமாவின் தோளில் தொங்கியபடி இறங்கி வந்தேன். என் வாழ்நாளில் ஒரு மிடறு குடித்தவனல்லன் நான் என்பது உனக்குத் தெரியும்.

அறிவு தெளிந்தபோது மருத்துவமனையில் நீ என் அருகில் நின்றாய். நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். கூட்டம் நடத்தியவர்கள் நலம் கேட்க வந்து அறைக்கு வெளியே நின்றார்கள். நீ கொதித்தாய். "போயி சொல்றேன் மாமா. எங்க அய்யா குடிக்கல, இது ஈரல் நோயின்னு சொல்லிட்டு வாரேன்" என்று கிளம்பினாய். உன் மாமா கதவை மறித்தார். "எங்க போற மாப்ள? குடின்னே நெனச்சுட்டுப் போகட்டும். குடிகாரன் மகனுக்கு இந்த ஊருல பொண்ணு கெடைக்கும். சீக்காளி மகனுக்குக் கெடைக்காது. ஒனக்கும் இருக்குன்னு மோப்பம் புடிச்சாங்கன்னா முடிஞ்சுச்சு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன், உட்கார் என்று. நீ உட்கார்ந்தாய்.

அன்று முதல் நான் குடிகாரன். அழைப்புகள் நின்றன. தேநீர்க் கடையில், "அய்யா, இன்னைக்கு எத்தன கட்டிங்கு?" என்று ஓர் இளைஞன் கேட்டான்; நான் அவன் தந்தையின் திருமணத்தை நடத்திவைத்தவன். "கணக்கு வைக்கிறதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காகத்தான் பொறுத்தேன் என்று இதை உன் தலையில் ஏற்ற நான் எழுதவில்லை. தந்தையர் இதைவிடப் பெரியவற்றைப் பொறுக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. என் வாய் மூடியிருந்ததால் நம் பங்காளிகளில் ஒருவரும் சோதனைக்குப் போகவில்லை. போன மாசியிலும் அதே கோயிலில் அதே கத்திதான் எல்லாத் தலைகளிலும் போயிற்று. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்குச் சொல் இருந்தும் சொல்லாமல் நின்றேன். குடிகாரன் என்ற பெயர் என்னைச் சுட்டதைவிட அது என்னை மிகுதியாகச் சுட்டது.

இப்போது நேற்றைய பேச்சுக்கு வருகிறேன். உன் மாமா புதிதாக ஒரு வழி சொன்னதாகச் சொன்னாய். திருமணம் முடியட்டும், முடிந்தபின் அந்தப் பெண்ணை அழைத்துப்போய், சத்து ஊசி என்று சொல்லித் தடுப்பூசியைப் போட்டுவிடலாம், ஊசியும் போட்டாயிற்று, ஊருக்கும் தெரியவில்லை. கேட்பதற்குப் பழுதில்லாத வழி போலத்தான் இருக்கிறது. அந்த வழியில் கொஞ்ச தூரம் நீயே நடந்து பார். முதலில் அவளுக்கு ஏற்கெனவே கிருமியோ அதற்கான எதிர்ப்புக் காப்போ இருக்கிறதா என்று குருதி எடுத்துப் பார்க்க வேண்டும்; அதற்கு என்ன பெயர் சொல்வாய்? ஊசி மூன்று, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறு மாதம் கழித்து. அது முடிந்து காப்பு உண்டாகிவிட்டது என்று உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும் என்று மருத்துவர் உன்னிடமே சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன பெயர் சொல்வாய்? அவள் பிள்ளை பெறும்போது, பிறந்த நாளிலேயே குழந்தைக்கு ஊசி போட வேண்டும், வீட்டில் கிருமி இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது என்ன சொல்வாய்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீ எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால்? சத்து ஊசி என்பது இன்னொரு சூடு, மகனே. அவள் நல்லவள். நீ சொல்கிற நோய்க்குச் சரியான மருந்தைத்தான் அவளும் கொண்டு வருவாள்.

அவள் ஆசிரியை என்பதால் எளிதாகப் புரிந்துகொள்வாள் என்று நான் சொல்லமாட்டேன். படித்தவர்களும் தட்டைத் தனியே வைக்கிறார்கள். அவள் புரிந்துகொள்ளாமல் போகலாம். அவள் வீட்டார் புழுதிக்குளத்துப் பக்கம் தலைமுறையாக நிலம் வைத்திருப்பவர்கள். செய்தி வெளியே போனால் நம் சாதிசனம் முழுக்கப் போகும். மருத்துவர் ஒருவரை வைத்து விளக்கினாலும் சிலர் விளங்கிக்கொள்ளமாட்டார்கள். இவை எல்லாம் நடக்கக்கூடியவை. நடக்காது என்று ஆறுதல் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

ஆனாலும் சொல். மாமாவை அனுப்பாதே, என்னை அனுப்பாதே, அலைபேசியில் சொல்லாதே. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நீ இருக்கும் நகரத்திலிருந்து இரவு வண்டியேறு. சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை. இராமநாதபுரத்தில் நேரில் பார்த்துப் பேசு. நீட்டிப் பேசாதே, நீட்டுவது என் நோய். எனக்கு இந்தக் கிருமி இருக்கிறது, இப்போது என் கல்லீரல் நன்றாக இருக்கிறது, என் அய்யாவுக்கு முற்றிவிட்டது, இது இப்படி இப்படிப் பரவும், இப்படியெல்லாம் பரவாது, உனக்குத் தடுப்பூசி உண்டு, முடிவு உன்னுடையது என்று சொல். உன் சோதனைத் தாள்களைக் கையில் கொடு. அவள் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளட்டும். அழுதால் அழட்டும், நீ இடையில் பேசாதே. அவள் தன் பெற்றோரிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். அவர்கள் என்னை அழைத்தால் நான் வருவேன்; என் வயிற்றையும் கையையும் காட்டி, முற்றவிட்டால் என்ன ஆகும் என்று விளக்குவேன். என்னைவிடச் சிறந்த பாடநூல் அவர்களுக்குக் கிடைக்காது. புரட்டாசி இன்னும் முடியவில்லை. அவள் இசைந்தால் இப்போது ஓர் ஊசி, ஐப்பசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. திருமணத்தைத் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளினால் மண்டபக்காரர் கோபித்துக்கொள்வார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நீ சொல்லிவிட்டால் நானும் பேசலாம். மேடை ஏறி, அன்று நான் குடித்திருக்கவில்லை என்று சொல்லலாம். வரும் மாசியில் கோயிலில் கத்தியைக் கையில் வாங்கி நிறுத்தி, தலைக்கொரு புது அலகு போடு என்று சொல்லலாம். ஆகவே உன் உண்மையில் எனக்கும் ஆதாயம் இருக்கிறது. இந்த மடலைப் படிக்கும்போது அதைக் கழித்துவிட்டுப் படி. கழித்த பின்னும் மிச்சம் நிற்கிறதா என்று பார். நிற்கும் என்றே நம்புகிறேன். நீ சொல்லாவிட்டாலும் உன் நோயை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அது உன்னுடையது. ஆனால் ஒன்று. உன் திருமணத்தை நம் தமிழ்முறையில் நானே நடத்திவைக்க வேண்டும் என்று நீ கேட்டாய். நான் நடத்திய திருமணம் ஒவ்வொன்றிலும், மாலை எடுத்துக் கொடுக்கும் முன், "மனமொப்பி ஏற்கிறாயா அம்மா?" என்று மணமகளை ஒலிவாங்கியில் கேட்பேன். எதை ஏற்கிறாள் என்று தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்து நான் அக்கேள்வியைக் கேட்கமாட்டேன். நீ மறைத்தால், வேறொருவரை வைத்து நடத்திக்கொள். நான் மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் உடம்புக்கும் ஒரு சொல். போன இரண்டு சோதனைகளுக்கு நீ போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்கேனும் தெரிந்துவிடும் என்று அஞ்சினாய். நானும் அப்படித்தான் அஞ்சி அஞ்சி ஈரலைக் கல்லாக்கிக்கொண்டேன். போ. கிருமி எழும்பினால் அன்றைக்கே மாத்திரை தொடங்கலாம். தொடங்கினால் என் நிலை உனக்கு வராது. தலைவலி, கால்வலி என்று கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்காதே. குடிக்கிற நண்பர்களோடு இருக்கலாம், குடிக்காதே. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீர்மத்தை இப்போது ஒழுங்காகக் குடிக்கிறேன். உன் அம்மா எதிரில் நின்று குவளையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். உணவுக்குழாயில் புடைத்த குருதி நாளங்கள் வெடிக்காமலிருக்க வளையம் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை மீயொலி ஸ்கேன் எடுத்துக் கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்கிறார்கள்; இதுவரை இல்லை. மாற்று ஈரல் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அது பிறகு. முதலில் இது.

நேற்று அலைபேசியை வைப்பதற்கு முன் நீ இன்னொன்றையும் கேட்டாய். மெல்லக் கேட்டதால் எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாய். "சொன்ன பெறகு அவ வேணாம்னு போயிட்டா?" என்றாய். உனக்கு அவளை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அந்தக் குரலில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவள் போனால் நோயின்றிப் போவாள். நின்றால் தெரிந்து நிற்பாள். இரண்டில் எது நடந்தாலும் அன்று மாலை நீ நேராக ஊருக்கு வா. கடைசி வண்டி வரும்வரை நிறுத்தத்தில் நான் காத்திருப்பேன்.

உன் அய்யா